உள்ளே இருப்பவர்கள்

...திறக்காது என்று தெரிந்த பிறகும் கை ஏன் அட்டையைக் கொண்டுபோய் அந்தக் கதவோரப் பெட்டியிலேயே ஒட்டுகிறது, வலிக்கிற பல்லையே நாக்கு தேடிப் போகிற மாதிரி, சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுங்கி அணைகிறது, அவ்வளவுதான், முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு, பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு, நடுவில் ஈரத் தலையும் வெளுத்த சட்டையும் தொப்பியுமாக நான். இந்தச் சலவைக்கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், ஆஸ்பத்திரிக்கு அடியில் ஒரு சுவர், அந்தப் பக்கம் அழுக்கு, இந்தப் பக்கம் சுத்தம், ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளை அந்தப் பக்கம் இயந்திரத்தின் ஒரு வாயில் திணித்தால் இந்தப் பக்கத்து வாய் வழியாக வெளுத்து வரும், துணிக்கு மட்டும்தான் அந்த நேர்வழி, மனுஷர் என்றால் குளித்து, உடை மாற்றி, இந்தக் கண்ணாடி அறை வழியாகத்தான் வரவேண்டும், ஒரு கதவு மூடினால்தான் மற்றது திறக்கும். இன்றோடு அட்டை செல்லாது, சாயங்காலத்துக்குள் நர்ஸிடம் போய்க் கைத்தோலுக்கு அடியில் சிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள், சாயங்காலம் என்றுதானே சொன்னார்கள், அதற்குள் சுத்தப் பக்கத்துக் கதவின் பெட்டியைச் சிப்பை மட்டும் படிக்கிறதாக மாற்றிவிட்டார்கள், குளியலறைப் பக்கம் இன்னும் பழைய பெட்டி, அது அட்டையைப் பார்த்து வா என்றது, இது நீ யார் என்கிறது. வந்த வழியே திரும்பலாம் என்றால் அதுவும் விடவில்லை, உள்ளே போகாதவள் எப்படி வெளியே வருவாள் என்பது அதன் நியாயம். சுவரில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது, அழுத்தினால் ஆஸ்பத்திரி முழுக்க மணி அடிக்கும், இயந்திரங்கள் நிற்கும், தீயணைப்பு ஆட்கள் ஓடி வருவார்கள், இதற்குப் போய் அதையா அழுத்துவது, தீயா பிடித்திருக்கிறது எனக்கு...

மடிப்பு மேசையில் நிற்கிறவள் என்னைப் பார்த்துவிட்டாள், கையை உயர்த்திக் கொஞ்சம் இரு என்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, உள்ளிருந்து அவள் கையைக் காட்டித் திறந்தால் அவள் வெளியே போனதாகக் கணக்கு, திரும்ப வேண்டுமானால் சுற்றிப் போய் மறுபடி குளிக்கவேண்டும், இஸ்திரி இயந்திரம் விரிப்பு விரிப்பாகத் துப்பிக்கொண்டிருக்கும்போது அடுத்தவளுக்காக யார் குளிக்கப் போவார்கள். அக்கா போவாள். அட்டையைத் தொலைத்தவர், வீட்டில் வைத்துவிட்டு வந்தவர், பெட்டி மக்கர் பண்ணி மாட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும் அக்காதான் கையை நீட்டித் திறப்பாள், அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே குளிக்கப் போவாள், அவளுக்கு வருஷம் பூராவும் ஜலதோஷம். இங்கே முதலில் சிப் போட்டுக்கொண்டவளும் அவள்தான். அந்தக் கூட்டம் இன்னும் காதில் இருக்கிறது, அட்டையைத் தொட்ட கையால்தான் சுத்தத் துணியைத் தொடுகிறீர்கள், கிருமி அட்டையில் ஏறி வருகிறது என்று சூப்பர்வைசர் படம் போட்டுக் காட்டினார், எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் எங்களிடம் வக்கீல் என்று பேர் வாங்கிய அழுக்குப் பக்கத்து ஆள் எழுந்து, மாட்டுக்குக் காதில், நாய்க்குக் கழுத்தில், நமக்குக் கையில், இடம்தான் வேறு என்றார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "உங்களுக்கு வாயில போடச் சொல்லுங்கண்ணே, அதுதான் எப்பவும் திறந்தே இருக்கு" என்றாள், கூட்டமே சிரித்தது, வக்கீலும் சிரித்துவிட்டு, ஆனால் உட்காராமல், "அட்டைன்னா வேலைய விட்டுப் போறப்ப மேசை மேல வெச்சிட்டுப் போயிடலாம். இதை எங்கம்மா வெச்சிட்டுப் போறது?" என்று கேட்டார்.  அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், அந்த மெத்தென்ற சதையில் இருந்தது அக்காவின் சிப். தொட்டுப் பாருடி என்று வீட்டில் கையை நீட்டினாள், அரிசி மாதிரி இருக்குல்ல, உலை வைக்கத்தான் ஆள் இல்லை என்றாள், நான் தொட்டேன், தோலுக்கு அடியில் அது வழுக்கி விலகியது, எனக்கு என்னவோ போலாகிக் கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டாம் அக்கா என்றதற்கு அவள் வற்புறுத்தவில்லை, நான் இருக்கேன்ல, என் கை போதும் உனக்கு என்றாள். போதும் என்று நானும் இருந்துவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தா இருந்தேன், அக்கா என்றால் எப்போதும் இருப்பவள், நான் பிறப்பதற்கு முன்னாலேயே இருந்தவள், அவள் இல்லாத ஒரு நாளை நான் பார்த்ததே கிடையாது...

தலை வலிக்குதுடி என்று படுத்தவளை இதே கட்டடத்தின் மேல்மாடிக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தோம், இரண்டாம் நாள் கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். பிணவறையும் அடித்தளத்தில்தான், எங்கள் கூடத்தைத் தாண்டித்தான் போகவேண்டும், தள்ளுவண்டிக்கு ஒரு பக்கம் அத்தான், ஒரு பக்கம் நான், அவள் மேல் போர்த்தியிருந்த விரிப்பு நாங்கள் வெளுத்தது, ஓரத் தையலைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. எதிரே அழுக்குத் துணி வண்டி வந்தது, வழி விடுவதற்காகச் சுவரோரமாக ஒதுக்கினார்கள், ஒதுக்கின குலுக்கலில் கை நழுவித் தொங்கியது, தொங்கின கை எங்கள் கூடத்து வாசல் பெட்டியை உரசியது. கதவு திறந்தது. திரையில் அவள் பெயர் வந்தது, வணக்கம், வருகை பதிவாகிவிட்டது என்று வந்தது. வண்டி தள்ளியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள், உள்ளே விரிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்த வக்கீல் முகத்தை மூடிக்கொண்டார், அத்தான் மட்டும் அந்தத் திரையைப் பார்த்து, ஒரு ஆளிடம் சொல்வது போலத் தாழ்ந்த குரலில், "அவ இன்னிக்கு லீவுங்க" என்றார். அந்த மனுஷர் அதற்கு முன்பும் அழவில்லை, அதற்குப் பின்பும் நான் பார்த்து அழவில்லை. கதவு கொஞ்ச நேரம் காத்திருந்தது, பிறகு தானாக மூடிக்கொண்டது.

அதன் பிறகு அந்தக் கை என் அக்காவின் கையாக இல்லை, ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் வக்கீல், செத்த பிறகும் வேலைக்குக் கூப்பிடுகிற சாமான் இது, இதையா உடம்புக்குள் விடுவது என்றார், நியாயம்தானே, பாதிப் பேர் தலையாட்டினார்கள். மேலிடத்திலிருந்து வந்திருந்தவர், விரிப்பால் முகத்தை மூடியிருந்தபோதுகூட அது அந்த அம்மாவை அடையாளம் கண்டதல்லவா, விபத்தில் சிக்கிய ஒருவருக்கு இது எவ்வளவு உதவும் யோசியுங்கள் என்றார், அதுவும் நியாயம்தானே, மீதிப் பேர் தலையாட்டினார்கள். நான் எதற்கும் தலையாட்டாமல் எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவிக்கொண்டே நின்றேன். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்... அதைச் சொல்ல முடியாது, சொன்னால் பைத்தியம் என்பார்கள். மடிப்பு மேசைக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது, இதோ இங்கிருந்தே தெரிகிறது, உள்ளே இருப்பவர்கள் என்று தலைப்பு, கீழே பச்சை எழுத்தில் பெயர்கள், சிப் போட்டவர் ஒருவர் வந்தால் சேரும், போனால் மறையும். அக்கா வந்ததாகப் பதிவானது, போனதாகப் பதிவாகவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அந்த ஒரு பெயர் பச்சையாக நிற்கும், காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன், பார்த்துவிட்டுத்தான் துணியில் கை வைப்பேன். ஒரு தரம் தீப்பயிற்சி நடத்தினார்கள், முற்றத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி வருகைப் பதிவோடு எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறது, பயிற்சிக்கு வந்த இளைஞன் முகமூடியை மாட்டிக்கொண்டு, உள்ளே ஒரு அம்மா இருக்காங்க என்று ஓடப் பார்த்தான், சூப்பர்வைசர் அவன் தோளைப் பிடித்துக் காதில் ஏதோ சொன்னார். அவன் முகமூடியைக் கழற்றி எங்களையெல்லாம் பார்த்தான். போய்த் தேடட்டுமே என்று எனக்கு இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு நொடி நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் இருக்கிற ஒலிபெருக்கி கரகரக்கிறது, மாடியில் தன் மேசையிலிருந்து சூப்பர்வைசர் பேசுகிறார், கேமராவில் என்னைப் பார்த்திருக்கிறார். மாட்டிக்கிட்டியாம்மா என்கிறார், திறந்து விடுங்க சார் என்கிறேன், யார் பேரிலாவதுதான் திறக்கும் என்கிறார், உன் அட்டை முடிந்துவிட்டது, உன்னைப் புதிதாக ஏற்றினால்தான் உண்டு, ஏற்றுவதற்கு இடம் இல்லை, சிப் பதிவையே இத்தனை ஆளுக்கு என்று எண்ணித்தான் வாங்கியிருக்கிறார்கள் என்கிறார். பிறகு குரலை இறக்கி, "அக்கா இடம் இருக்கும்மா" என்கிறார்.

எனக்குப் புரியாமல் இல்லை. இருந்தாலும், எப்படி சார் என்று கேட்கிறேன்.

"அக்காவை எடுத்துட்டு அங்க உன்னை ஏத்திடுறேன். கதவு திறந்துடும். ஊசி அப்புறமா நர்ஸ்கிட்ட போட்டுக்கோ. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"எடுக்கிறதுன்னா சார்?"

"ஒரு பட்டன்தாம்மா."

ஒரு பட்டன். ஆள் போகாமல், கை இல்லாமல், பெட்டியைத் தொடாமல், மாடியில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு பட்டன், நான் ஏதோ பெரிய கணக்கு, கம்ப்யூட்டர் ஆள் வந்து இரண்டு நாள் உட்கார்ந்தால்தான் அவிழும் சிக்கல் என்றல்லவா நினைத்திருந்தேன். அப்படியென்றால் இத்தனை மாதமாக ஏன் சார் எடுக்கவில்லை என்று கேட்கிறேன், ஒலிபெருக்கியில் அவர் நாற்காலி கிறீச்சிடுவது கேட்கிறது, பிறகு, "உன்னைக் கேக்காம எப்படிம்மா எடுக்கிறது" என்கிறார். நல்ல மனுஷர்தான், அக்காவின் காரியத்துக்கு வந்து கடைசி வரை நின்றவர், உண்மையாகவே எனக்காகத்தான் விட்டுவைத்திருப்பார். ஆனால் அவள் போன பிறகு அவள் வேலைக்கு யாரையும் எடுக்கவில்லையே, கேட்டபோதெல்லாம் ஆள் கணக்கு நிறைந்திருக்கிறது என்றுதானே மேலிடம் சொன்னது, அவள் மடித்ததையும் சேர்த்து நாங்கள்தானே மடித்தோம், தினமும் அவள் பெயரைப் பார்த்து நான் நெஞ்சு நிறைந்து நின்றபோது அந்தப் பெயர் அங்கே சம்பளம் இல்லாத வேலை பார்த்துக்கொண்டிருந்ததா... இரண்டுமே உண்மையாக இருக்கலாம், இரண்டும் ஒரே விரலில் இருந்திருக்கலாம். மடிப்பு மேசைக்காரி என்னையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்க்கிறாள், அவளுக்குப் பின்னால் விரிப்புகள் குவிந்துவிட்டன, அவளுக்கு மேலே பச்சையில் அக்கா, அந்தப் பலகையில் சிப் போட்டவர்கள் பெயர் மட்டும்தான் வரும், இத்தனை வருஷம் இங்கே மூச்சு விட்டு உழைத்த என் பெயர் ஒரு நாள்கூட வந்ததில்லை, இனி வந்தாலும் அவள் பெயருக்குப் பக்கத்தில் வராது. அது இருந்தால் இது இல்லை, இது வந்தால் அது இல்லை.

சொல்லும்மா என்கிறார். அவசரம் ஒன்றுமில்லை, நீ சொல்கிறவரைக்கும் நான் எதையும் தொடமாட்டேன் என்கிறார், அதை ஆறுதலாகத்தான் சொல்கிறார். மேல்மாடியில் அக்கா போய்விட்டாள் என்று டாக்டர் வந்து சொன்னபோது நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது, இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை, கதறினேனா, விழுந்தேனா, ஒன்றுமில்லை, அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், நான் சரி என்றேன், கடையில் மீதிச் சில்லறை இல்லை என்று சொன்னால் சரி என்போமே, அப்படி, சரி டாக்டர் என்றேன், அவ்வளவு பெரியதற்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்தது, இப்போது ஒரு பட்டனுக்கு, அதே ஒரு சொல்லுக்கு, வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன், கண்ணாடியில் என் மூச்சு படிகிறது, அதற்குப் பின்னால் அவள் பெயர் மங்குகிறது, அன்றைக்கு டாக்டரிடம் சொன்னது நான் சொன்னதுதானா, இல்லை, இன்றைக்குத்தான் முதல் தடவையாக யாரோ என்னிடம் கேட்கிறார்களா...