கீழ்த்தள அறை

லட்லோவுக்குப் போகும் திட்டத்தை நெவில் ட்ரான்டர் ஐந்து முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் அது சுருங்கியது.

வுல்வர்ஹாம்ப்டனில் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுவதுதான் முப்பத்தொரு வருடம் அவருடைய வேலை. அதனால் ஜனவரியில் எழுதிய முதல் திட்டத்தில் எல்லாமே நிமிடக் கணக்கில் இருந்தன. மே பதினைந்தாம் தேதி ரயில், ஷ்ரூஸ்பரியில் வண்டி மாற்றம், இரண்டு இரவுத் தங்கல். கோட்டை மதில், ஆற்றங்கரை நடை, சந்தைச் சதுக்கத்தில் தேநீர், செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தின் கோபுரம். அவருக்கும் பெரிலுக்கும் மே பதினாறாம் தேதி கல்யாணமாகி ஐம்பது வருடம் நிறைகிறது. தேனிலவுக்கு அவர்கள் போனதும் லட்லோதான்.

பெரிலின் இதயம் தளர்ந்துகொண்டிருந்தது. கணுக்கால்கள் நீர் கோத்து வீங்கின. மருத்துவர் இருவரிடமும் தனித்தனியாக உண்மையைச் சொல்லியிருந்தார். வீட்டில் இருவருமே அதைப் பேசவில்லை.

பிப்ரவரியில் நெவில், "கோபுரத்த எடுத்துட்டேன்" என்றார்.

"ஏன், உனக்கு மூச்சு வாங்குமா?"

"ஆமா. எரநூறு படி. என்னால ஆகாது."

"சரிதான் கெழவா. உனக்காக விட்டுத் தரேன்."

மார்ச்சில் கோட்டை மதில் போயிற்று. அடுத்த வாரம் ஆற்றங்கரை போயிற்று. பெரில் எதற்கும் வருத்தப்படவில்லை. ஒன்றை மட்டும் விடவில்லை.

"அந்தக் குளிர் காயறவன மட்டும் எடுத்துடாத, நெவில்."

தேவாலயத்தில் பாடகர் வரிசையில் பழைய மர இருக்கைகள் உண்டு. இருக்கைப் பலகையைத் தூக்கினால் அதன் அடியில் சின்னதாக ஒரு விளிம்பு இருக்கும். அந்தக் காலத்தில் மணிக்கணக்கில் நின்றுகொண்டே ஜெபிக்க வேண்டிய வயதான பாதிரியார்கள் அதில் சாய்ந்துகொள்வார்கள். பார்ப்பவர்களுக்கு நிற்பது போலத்தான் தெரியும். அந்த விளிம்புக்குப் பெயரே இரக்கம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிற்பம். ஒன்றில் ஒருவன் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து குளிர் காய்கிறான். ஐம்பது வருடத்துக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கித் தெப்பலாக நனைந்து நின்ற இருவரையும் பார்த்து, தேவாலய ஊழியர் ஒருவர் அந்தப் பலகையைத் தூக்கிக் காட்டினார். "சாஞ்சுக்கோம்மா, புதுப் பொண்ணு, யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். பெரில் சாய்ந்துகொண்டார். இன்னொரு முறை அதில் சாய வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

தங்கும் விடுதி மிஸஸ் ப்ரோஸர் என்பவருடையது. மரச்சட்டம் போட்ட பழைய வீடு. பிப்ரவரியில் நெவில் தொலைபேசியில் அறை கேட்டபோது அந்த அம்மாள், "படி ஏற ஏதாச்சும் கஷ்டம் உண்டா?" என்று விசாரித்தார்.

"இல்லைங்க, இல்லைங்க. எங்களால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்றார் நெவில்.

எங்கள் ஆங்கிலேய மக்கள் இப்படித்தான். உதவி கேட்பதைவிடச் சிரமப்படுவது மேல் என்று தொட்டிலிலேயே கற்றுக்கொள்கிறோம். காலை மிதித்தவரிடம் நாங்களே மன்னிப்புக் கேட்கிறோம். அதை நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அதற்குள் எவ்வளவு அகந்தை ஒளிந்திருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் தொடக்கத்தில் அந்த அம்மாளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'பொன்விழா என்று சொன்னீர்கள். அதனால் உச்சி அறையை உங்களுக்காக ஒதுக்கிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும். நாற்பத்தொரு படிகள்தான். ஏறி முடித்ததும் ஏறியது வீணில்லை என்பீர்கள்.'

நெவில் கடிதத்தை ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். பெரிலின் கட்டில் அதற்குள் முன்னறைக்கு வந்துவிட்டது. வீட்டின் பதின்மூன்று படிகளே அவருக்கு முடியவில்லை.

பக்கத்து வீட்டு ஐரிஸ் பால் கொடுக்க வந்தபோது கடிதத்தைப் படித்துவிட்டார்.

"போன எடு, விஷயத்தச் சொல்லு. கடிச்சுத் தின்னுடுவாங்களா உன்ன?"

"ஆசையா ஒதுக்கி வெச்சிருக்காங்க, ஐரிஸ். மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்."

"அப்ப பெரில முதுகுல தூக்கிட்டு ஏறப் போறியாக்கும்."

ஐரிஸ் கேலியாகத்தான் சொன்னார். மறுநாள் காலை நெவில் தோட்டத்து உரமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். இறங்கினார். மறுபடி ஏறினார். மூன்று முறை. மூன்று பதின்மூன்று முப்பத்தொன்பது. இன்னும் இரண்டு.

"மேல என்ன பண்ற?" என்று முன்னறையிலிருந்து பெரிலின் குரல் வந்தது.

"ஜன்னல் தொடைக்கறேன்."

"மூணு தடவையா?"

அந்த வாரம் வெயில் நன்றாக அடித்தது. பெரில் கைத்தடியுடன் வாசல் வரை நடந்து போய் வந்தார். முகத்தில் கொஞ்சம் நிறம் ஏறியிருந்தது.

"மே வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்றார். "அடுத்த வாரமே போயிட்டு வந்துடலாமே. சமதரையா இருந்தா நான் நல்லாத்தான் நடக்கறேன்."

நெவில் மனதில் நாற்பத்தொரு படிகளும் எழுந்து நின்றன. அவள் இன்னும் கொஞ்சம் தேறட்டும், நான் இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்கிறேன் என்று நினைத்தார்.

"கேட்டுப் பாத்துட்டேன். மே வரைக்கும் அறை எதுவும் காலி இல்லையாம்."

கேட்டுப் பார்க்கவே இல்லை. பெரில் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி" என்றார்.

அதற்குப் பிறகு நெவில் மூன்று கடிதங்கள் எழுதி மூன்றையும் கிழித்தார். ஒரு நாள் துணிந்து தொலைபேசியை எடுத்தார். "மிஸ்டர் ட்ரான்டரா! திரைச்சீலையெல்லாம் துவைச்சு மாட்டிட்டேன்!" என்று அந்த அம்மாள் உற்சாகமாகச் சொன்னதும், காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

மே பதின்மூன்றாம் தேதி காலை பெரிலுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. அன்று மதியம் மருத்துவமனை வாசலிலிருந்து, ஐரிஸ் கொடுத்த கைபேசியில் நெவில் லட்லோவுக்குப் பேசினார். வர முடியாது என்று சொல்ல நினைத்தவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இதயம், படிகள், உரமூட்டை, ஏப்ரல்.



"கீழ்த்தளத்துல ஒரு அறை இருக்குங்க" என்றார் மிஸஸ் ப்ரோஸர். "முற்றத்துலேர்ந்து நேரா உள்ள வந்துடலாம், ஒரு படி கூடக் கெடையாது. எங்க வீட்டுக்காரருக்கு நடக்க முடியாமப் போனப்ப செஞ்சது. யாராச்சும் கேட்டாத்தான் கொடுக்கறது. ஏப்ரல் பூரா காலியாத்தான் கெடந்துச்சு. நீங்க ஒரு வார்த்தை..."

அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அவருடைய நல்ல மனம். ஆனால் நெவில் அதை முழுவதுமாகக் கேட்டார். பிறகு வாழ்ந்த நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினாறாம் தேதிக்கு என்ன திட்டம் போட்டிருந்தீங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். ஐந்தாவது திட்டம். இரண்டே வரிகள். "பதினொன்னு முப்பத்தஞ்சுக்குத் தேவாலயம். பன்னெண்டு மணிக்குக் கோபுர மணிப் பாட்டு."

"போனக் கையிலயே வெச்சிருங்க."

பதினாறாம் தேதி, பதினொன்று முப்பத்தைந்துக்குக் கைபேசி அடித்தது. நெவில் அதைப் பெரிலின் காதருகே பிடித்தார்.

"மிஸஸ் ட்ரான்டர், நான் லட்லோலேர்ந்து பேசறேன். பலகையத் தூக்கிட்டேன்."

பெரில் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "இன்னும் குளிர் காயறானா?"

"காயறான். கைய நீட்டிக்கிட்டு ஒய்யாரமா உக்காந்திருக்கான்."

"பாவம். ஐநூறு வருஷமாச்சு. இன்னும் சூடே ஏறல." பெரில் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

இருமல் அடங்கியதும் நெவில் குனிந்தார். "பெரில், ஏப்ரல்ல அறை இருந்துச்சு. நான் கேக்கவே இல்ல."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூணு தடவை ஜன்னல் தொடைச்சியே. ரொட்டி டப்பாவையும் பாத்தேன்." மூச்சு எடுக்க நேரமாயிற்று. "நானாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். உன் மனசு நோகும்னு விட்டுட்டேன்."

 பன்னிரண்டு மணிக்கு, அணைக்காமல் வைத்திருந்த கைபேசியில், தூரத்தில், கரகரவென்று, கோபுர மணிகள் பாட ஆரம்பித்தன. பெரிலின் கண்கள் அதற்குள் மூடியிருந்தன. அவர் கேட்டாரா என்று நெவிலுக்குத் தெரியாது.

பாட்டு முடிந்தது. நெவில் கைபேசியைத் தன் காதுக்கு மாற்றினார்.

"தூங்கிட்டாங்களா?" என்றார் மிஸஸ் ப்ரோஸர். "நான் அவங்களுக்குப் பதிலா இங்க கொஞ்ச நேரம் சாஞ்சுக்கறேன். நீங்க உக்காந்திருக்கீங்கதானே?"

"இல்லீங்க. நாற்காலி இல்ல."

"மிஸ்டர் ட்ரான்டர், யார்கிட்டயாச்சும் கேளுங்க."

நாற்காலிகள் வார்டின் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மூன்று நாளாக அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடந்து போன செவிலியைப் பார்த்துக் கையைக் கொஞ்சமாக உயர்த்தினார்.

"மன்னிக்கணும்மா. எனக்கு ஒரு நாற்காலி வேணும்."

அந்தப் பெண் உடனே கொண்டுவந்து போட்டாள். "மூணு நாளா நின்னுட்டே இருந்தீங்களே. நிக்கறதுதான் உங்களுக்குப் பிடிச்சிருக்குன்னு நாங்கல்லாம் நெனச்சோம்" என்றாள்.

நெவில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதுதான் பெரிலின் கை அவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது தெரிந்தது. மறுநாள் மதியம் அது குளிர்ந்து போகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.