பதின்மூன்றாவது காசு

1

இந்தக் கதை என் அற்பத்தனத்தில் பிறந்தது. போன ஞாயிறு, பிரான்சில், முப்பது வருஷமாக நான் பூசைக்குப் போகும் லெ புய் ஊர்க் கோயிலில் காணிக்கைக் கூடை வந்தபோது, திருச்சியிலிருந்து எப்போதோ வந்த ஒரு ரூபாயைப் போட்டேன். பையில் யூரோ இருந்தது. கூடை ஏந்திய அம்மாள் அதைப் பார்த்தாள். விரலால் மற்ற காசுகளுக்கு அடியில் தள்ளி மறைத்துவிட்டு நகர்ந்தாள். எனக்கு மானமே போய்விட்டது.

ஆகவே எழுநூறு வருஷம் பின்னால் போய் வேறொருவன் தலையில் பழியைப் போடுகிறேன்.

2

பொன்ஸ், கூரை வேய்கிறவன், பரம ஏழை. [அடித்துவிட்டேன். ஏழை என்றால் உங்களுக்கு இரக்கம் வந்துவிடும். எனக்கும் சௌகரியம்.]

பொன்ஸ் வசதியான கூரைக்காரன். கல்யாணத்தன்று கோயில் வாசலில் மாப்பிள்ளை பதின்மூன்று தெனியே காசுகளைப் பெண்ணின் கையில் கொட்ட வேண்டும். பத்தை அவள் சாமியாருக்குக் கொடுப்பாள்; மூன்று அவளுக்கு. பொன்ஸ் பன்னிரண்டு தெனியேயோடு ஒரு புஜ்வாஸைக் கலந்திருந்தான். பதின்மூன்றாவது தெனியே அவன் செருப்புக்குள் இருந்தது.

(புஜ்வாஸ் என்பது கால் தெனியே. எங்கள் லெ புய் ஊர்க் காசு, 'புய்' என்ற ஊர்ப் பேரிலிருந்துதான் அதன் பேரும் வந்தது. ஒன்றுக்கும் ஆகாதவனை 'புஜ்வாஸ் பெறாதவன்' என்பார்கள். ஊர்ப் பேருக்கு வந்த கதியைப் பாருங்கள்.)

3

"என்னடா நொண்டுற? இப்பவே பயமா?" என்றான் கூட்டாளி விடால்.

"புதுச் செருப்புடா. கடிக்குது."

மணப்பெண் அலசைஸ் உள்ளங்கையில் விழுந்த காசுகளைக் கட்டைவிரலால் தடவினாள். ஒன்று சிறுத்திருந்தது. நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

[அதை அவன் மூஞ்சியில் விட்டெறி

இல்லை. மூன்று தடவை எழுதிப் பார்த்தேன், அவள் எறிய மாட்டேன் என்கிறாள்.]

நல்ல காசாகப் பத்தைப் பொறுக்கிச் சாமியாரிடம் கொடுத்தாள். புஜ்வாஸைத் தன் பங்கில் வைத்துக்கொண்டாள். பொன்ஸ் தரையைப் பார்த்தபடி நின்றான்.

4

முதல் முடிவு: பொன்ஸ் அவள் காலில் விழுகிறான். பொய். நானே விழவில்லையே.

இரண்டாவது: விருந்தில் அவள் அவன் பக்கம் சாய்கிறாள்.

"செருப்பக் கழட்டுங்களேன். காலையிலேர்ந்து நொண்டுறீங்க."

"பரவால்ல."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

கழற்றினானா? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்றும் ஞாயிறு. அதே அம்மாள், அதே கூடை. அவன் கழற்றினான் என்று நீங்கள் சொன்னால் நானும் அவளிடம் வாய் திறந்தாக வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், கூடை என்னிடம் வர இன்னும் இரண்டு வரிசைதான் இருக்கிறது.