பிரிஜெட் டீச்சர் எழுதாத கடைசி வரி

பிரிஜெட் டீச்சரின் நாவல் ஒரே ஒரு சொல்லில் முடிந்தது: 'சாகு'. கணவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே இருக்கிறான். மனைவி சிரித்தபடி தட்டைக் கையால் மறைத்து 'சாகு' என்கிறாள். கன்னடத்தில் 'போதும்'. பெங்களூரு சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்த தமிழருக்குச் சாப்பிடும்போது வேறு சொல்லே வாயில் வராது.

சென்னையில் மெய்ப்புப் பார்த்தவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "சாகுன்னு தமிழ்ல ஏவல் கிடையாது மேடம், அதான் திருத்திட்டேன்" என்றார் பிறகு, பெருமையாக வேறு. அச்சில் 'செத்துத் தொலை' என்று வந்துவிட்டது. என்னத்தைச் சொல்ல! கடைசிப் பக்கம்தானே, நமக்குத் தெரியாததா என்று டீச்சரும் பார்க்காமல் விட்டிருந்தாள்.

புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. மாட்டிக்கொண்டது அவள் வீட்டுக்காரர் ரெமிஜியஸ், பாவம். அந்த ரசக் கணவன் அவர்தான் என்று கோயிலில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், "அப்படி என்னய்யா பண்ணே அந்தம்மாவை?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மனுஷன் பூசைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். டீச்சருக்கு மனசு ஆறவில்லை.

அதனால் வாசகர் கூட்டத்துக்கு அவரையும் இழுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு போனாள். கையெழுத்துக்கு நீட்டிய புத்தகங்களில் கடைசி வரியை அடித்து 'சாகு' என்று எழுதி, அர்த்தமும் சொல்லிக் கொடுத்தாள். ஐந்து பேர் வாங்கிப் போனார்கள். ஆறாவதாக வந்தவள் வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"ஐயோ, என் புக்குல கிறுக்காதீங்க மேடம்!"

"கிறுக்கலாவது! இது நான் எழுதினதும்மா."

"எழுதினது நீங்க. சொன்னது நானு." பீன்யா கார்மெண்ட்ஸில் தைக்கிற காந்தா அவள். "இருபது வருஷமா எங்க வீட்டுக்காரன் சோத்துத் தட்டைத் தூக்கி எறிவான், நான் பொறுக்குவேன். இதைப் படிச்ச அன்னிக்கும் எறிஞ்சான். உங்க கடைசி வரியை அப்படியே சொல்லிட்டு எழுந்து போயிட்டேன்."

"அப்புறம்?"

"எங்க செத்தான்! அவனே பொறுக்கினான். இப்ப வந்து 'போதும்'னு மாத்தினா என் கதி என்ன?"

டீச்சருக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்தில் இருந்த ரெமிஜியஸைப் பார்த்தாள். அவருக்காகத்தானே இவ்வளவும்!

அவர் மெல்ல அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினார். "விடு பிரிஜெட். என் பேரு போனாப் போகட்டும்." பிறகு காந்தாவிடம் கை நீட்டினார். "குடும்மா, கிறுக்க மாட்டேன்."

அந்த வரிக்குக் கீழே நிதானமாக எழுதினார்: 'இப்படிக்கு, இன்னும் சாகாத ரெமிஜியஸ்.'

காந்தா அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், திருத்தி வாங்கிப் போன ஐந்து பேரும் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.