அக்கா பெண்கள்

நகராட்சிப் பதிவேட்டின்படி ஆலைக்குப் பின்னாலிருந்த சந்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மை குத்தியாகிவிட்டது. உண்மையில் குத்தியது பலித்தது செருப்புத் தைப்பவரின் மகளுக்கு மட்டும்தான். குத்தினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கினால் தாய்க்கு வேலை போகும். அதனால் அம்மை குத்தும் இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் மற்றவர்கள் மருந்து போகப் பிள்ளையின் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்கள்.

எட்டாம் நாள் அவர் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். செருப்புக்காரரின் மகளையே அந்தந்த வீட்டுப் பிள்ளையாகக் காட்ட, பின்சுவர் வழியாக வீட்டுக்கு வீடு கைமாற்றினார்கள். அடையாளம் தெரியாமலிருக்க வீட்டுக்கொரு குல்லாய். அவர் கையை மட்டுமே பார்த்தார். ஏழாவது வீட்டில் அவள் தானாகவே சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

மறு வருஷம் அடுத்த தெருவில் பெரியம்மையில் இருவர் செத்தார்கள். சந்திலிருந்த தையல்காரி தன் மகளைத் தூக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டரின் அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், இவளுக்குக் குத்துங்க."

"போன வருஷமே குத்தியாச்சும்மா. நல்லா எழும்பியிருக்குன்னு என் கையெழுத்தே இருக்கு."

"தழும்பு எங்க சார்? நீங்க பாத்தது பக்கத்து வீட்டுப் பிள்ளைய."

"எத்தனை வீட்ல?"

"எல்லா வீட்லயும்தான்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசும்மா. இதை எழுதினா உனக்கு அபராதம், எனக்குச் சீட்டு கிழிஞ்சுடும்."

"எழுதாமக் குத்துங்க."

"மருந்துக்குக் கணக்குக் கேப்பாங்க. ஒரு பேருக்கு ஒரு தடவைதான்."

"அப்போ எங்க அக்கா பொண்ணுன்னு எழுதுங்க. ஊர்லேருந்து வந்திருக்கா."

"உனக்கு அக்கா இருக்காளா?"

"இருந்தாத்தான் குத்துவீங்களா?"

அவர் ஊசியைத் துடைத்தார்.

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்க அக்கா பெண்கள், தங்கை பையன்கள். கூடப்பிறந்தவரே இல்லாதவளும் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்த மேலதிகாரி மிரண்டுபோனார். நோய்க் காலத்தில் ஒரே சந்தில் இத்தனை வெளியூர்ப் பிள்ளைகளா? உடனே வெளியேற்றச் சொல்லி உத்தரவு போட்டார். குதிரை வண்டியோடு போலீஸ்காரர் வந்து தையல்காரியின் கதவைத் தட்டினார்.

"அக்கா பொண்ண அனுப்பு."

"அவ நேத்தே போயிட்டா."

"இது?"

"நான் பெத்தது."

"குத்தியிருக்கா?"

அவள் மகளின் கையை நீட்டினாள். கொப்புளங்கள் பழுத்து நின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. போன வருஷம் குத்தியது இன்றைக்குப் பழுக்குமா என்று அவர் கேட்கவில்லை. அது அவர் வேலையில்லை. பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் விருந்தாளி நேற்றே கிளம்பியிருந்தது.

தையல்காரி அன்று வேலைக்குப் போகவில்லை.