மேசையைச் சுற்றி வந்த ஜெபம்

கடவுள் இல்லை என்று டெல்லா வீட்டில் சொல்லி நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா வெர்னா அதற்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு என் மேசையில உக்காரணும்னா ஜெபம் பண்ணணும். இல்லன்னா கார்லயே உக்காந்து தின்னு."

அமெரிக்காவில் ஆர்கன்சா மலைப்பக்கத்தில் அந்தக் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் டெல்லா. இயற்பியல் படித்தாள். படித்ததற்குப் பரிசு, காரில் சாப்பாடு! பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நானூறு மைல் ஓட்டி வந்துவிட்டாள். இருப்பது ஒரே அம்மா, என்ன செய்ய?

வான்கோழியைச் சுற்றி எல்லோரும் கைகோத்து நின்றார்கள். அந்த வீட்டில் ஆளுக்கொரு ஜெபம்; யாரும் தப்ப முடியாது. ட்வைட் மாமா டிராக்டருக்காக நன்றி சொன்னார். ஓபல் அத்தை முழங்காலுக்காக. அடுத்தது டெல்லா.

அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேன். சூரியனுக்கு நன்றி," என்றாள் டெல்லா. அம்மாவின் பிடி இறுகியது. "அதுக்கு நடுவுல பொறந்த வெளிச்சம் வெளிய வர ஆயிரக்கணக்கான வருஷம் முட்டி மோதுது. அப்புறம் எட்டே நிமிஷத்துல நம்ம சோளக்கொல்லைக்கு வந்துடுது. அந்த வெளிச்சத்தத் தின்ன சோளம், சோளத்தத் தின்ன கோழி!"

"தோத்திரம்!" என்றாள் ஓபல் அத்தை.

ஜெபிக்கிறவரின் குரல் ஏறினால் பதில் கொடுத்தே தீருவார்கள், அந்த ஊர்ச் சபையில் வளர்ந்தவர்கள்.

"நட்சத்திரத்துக்கு என்ன சட்டமோ அதேதான் நம்ம குழம்புச் சட்டிக்கும்!"

"ஆமென்!"

"பணக்காரனுக்காக அது வளையாது!"

"அப்படிச் சொல்லு தாயி!" மாமா தரையை உதைத்தார்.

வகுப்பில் இப்படி ஒருவரும் அவள் பேச்சைக் கேட்டதில்லை. தலை கிறுகிறுத்தது. சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. "இந்த உலகத்த யாரும் தள்ளல, தானா ஓடுது! மேல யாருமே இல்ல!"

"ஆமென்! அல்லேலூயா!" அத்தை இரண்டு கையையும் மேலே வீச, குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது.

எதற்கு ஆமென் சொன்னோம் என்று பிறகுதான் உறைத்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "இது ஜெபம் இல்லடி."

"இல்லதான்." டெல்லா பையிலிருந்த கார்ச் சாவியைத் தொட்டாள்.

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு தன் அண்ணன் ட்வைட்டைப் பார்த்தாள். "பத்து வருஷமா இவன் டிராக்டரச் சொல்லிட்டு நிக்கிறான். ஒரு நாளாவது கண்ணு கலங்கியிருக்கானா?"

"என்னை ஏன் இழுக்குற?" என்றார் மாமா.

"நில்லுடி இங்கயே. அடுத்தது நான்." அம்மா இரண்டு கண்ணையும் மூடினாள். "கர்த்தாவே, இவளுக்குப் புத்தியக் கொடும்..."

"சத்தமா கேளும்மா," என்றாள் டெல்லா. "அவருக்குக் காது கேக்காது."

இடுப்பில் அம்மா கிள்ளிய கிள்ளில் உயிர் போய் வந்தது.