ஏழாவது நிரல்

முத்தலிப்பின் இரும்புக்கடையிலிருந்து புதன்கிழமை லொறியில் ஏற்றிக்கொண்டு போன நாற்பத்திரண்டு ஆமைப்பூட்டுகளும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தங்கள் தட்டிலேயே இருந்தன. நேரில் கண்டவர்கள் நால்வர். மேசைக்குப் பின்னால், முதலாளியின் கதிரையில் அல்ல, அதற்குப் பக்கத்து முக்காலியில், கடையின் இருப்புத் தாளை எழுதிவந்த யசிந்தா இருந்தாள். வாசலோரம் கவிழ்த்து வைத்த ஆணிப்பெட்டியில் அவளுடைய கணவன் சிமியோன். சீமெந்து மூட்டையின் மேல் கடதாசி விரித்து, இயக்கத்தின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாயிருந்த சிவசுப்பிரமணியம். லொறிச் சாரதி ஆழ்வாப்பிள்ளைக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை, படியில் குந்தினார். ஆண்டு 1990, மாதம் நவம்பர். பூட்டுகளில் டீசல் மணத்தது.

அந்தத் தாளுக்கு அப்போது மூன்று வயது. குருநகர்க் கடலில் வள்ளம் இறக்கக்கூடாது என்று தடை வந்து சிமியோன் கரையில் இருந்த காலத்தில் யசிந்தா ஐந்துசந்திக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கடைக்கு வேலைக்கு வந்தாள். முத்தலிப் கடையிலிருந்த ஒவ்வொரு திருகாணியையும் தலைக்குள் வைத்திருந்தவர். ஆனையிறவுக்கு அப்பாலிருந்து சாமான் வருவது ஒழுங்கு தப்பிய வருடம் அவருடைய தலைக்கணக்கும் தப்பியது. ஒரே மாதத்தில் மூன்று தரம் கதவுப் பிணைச்சல் எடுப்பித்து, கிணற்றுக் கப்பி ஒன்றுகூட இல்லாமல் நின்றார். "தங்கச்சி, எல்லாத்தையும் ஒரு தாளிலை போடு. என்ரை மண்டை கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

யசிந்தா அப்படியொரு தாளை முன்பின் கண்டதில்லை. பிறிஸ்டல் போட் அட்டை இரண்டை ஒட்டி, அடிமட்டம் வைத்துக் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறி, முதல் வரியில் ஆணி 12 என்று எழுதினாள். பன்னிரண்டு பெட்டியா, பன்னிரண்டு கிலோவா, பன்னிரண்டே பன்னிரண்டு ஆணியா என்று முத்தலிப் கேட்டார். அதைக் கிழித்தாள். அடுத்ததில் அலகுக்கென்று ஒரு நிரல் விட்டாள். ஆனால் மண்வெட்டி மூன்று இடத்தில் மூன்று வரியாக வந்தது. அதையும் கிழித்தாள். மூன்றாவது தாள் நின்றது. ஒரு சாமானுக்கு ஒரே வரி. நிரல்கள் ஆறு: பொருள், அலகு, தொடக்க இருப்பு, வந்தது, விற்றது, மீதி. மாறுகிற கணக்கு என்பதால் மீதியை மட்டும் பென்சிலில் எழுதினாள். களவு போனதற்கும் உடைந்ததற்கும் ஒரு நிரல் வைக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கடைக்குள் இருக்கிற சாமான் விற்காமல் எப்படி வெளியே போகும் என்பது அவளுடைய எண்ணம். முதன்முதலாகத் தாள் போடுகிறவர்கள் எல்லோரும் விடுகிற பிழைதான் அது.

தாளைச் சுவரில் அடித்த மூன்றாம் நாள், புதிதாய் வந்த கப்பிகளுக்கு எதிரே விற்றது 2 என்று அவள் எழுத, மீதியில் இருந்த 9 மெல்ல மங்கி 7 ஆனது. அவளுடைய கையெழுத்தேதான், ஏழின் வால்கூட அவள் வளைக்கிற மாதிரி வளைந்திருந்தது. முத்தலிப் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், தட்டில் இருந்ததை எண்ணினார், ஏழு. "நல்லது, அழிறப்பர் மிச்சம்" என்றார். அதற்குப் பிறகு கடையில் அதைப்பற்றிப் பேச்சில்லை. பின்னொரு முறை ஷெல் விழுந்து நான்கு மண்வெட்டிகள் நெளிந்தன. ஒரு கிழமைக்குள் நான்கும் நேராகித் தட்டில் இருந்தன. எண்ணும்போது பிழைத்திருக்கும் என்று இருவரும் முடிவுகட்டினார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, நகரத்து முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறவேண்டும் என்று இயக்கத்தின் ஒலிபெருக்கி சொன்னது. முத்தலிப், மனைவி சபீஹா, தாய் ஸைனம்பு, பிள்ளைகள் ஐவர், ஆக எட்டுப் பேர் போனார்கள். கொண்டுபோன பைகளைச் சந்தியில் வைத்து வாங்கிக்கொண்டார்கள். சபீஹாவின் தோடும் அதோடு போனது. கடைப் பூட்டின் திறப்பைக் கேட்ட இயக்கப் பொடியனிடம் முத்தலிப் அதை நீட்டினார். யசிந்தாவிடம், "தாளைக் கழட்டாதே தங்கச்சி" என்றார். இருப்பை ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அடுத்த கிழமை சிவசுப்பிரமணியம் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து கதவடியில் நின்று ஏற்றியதையெல்லாம் பார்த்தாள். ஒரு சாமானுக்கும் எதிரே ஒன்றும் எழுதவில்லை.

சிவசுப்பிரமணியம் முன்பு ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் களஞ்சிய எழுதுவினைஞராய் இருந்தவர். அந்த வியாழக்கிழமை வந்து நின்ற பூட்டுகளை அவர் இரண்டாம் தரம் பார்க்கவில்லை. எழும்பிப்போய்ச் சுவரிலிருந்த தாளைப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

"பிள்ளை, இதிலை ஒரு நிரல் குறையுது."

"என்ன நிரல், ஐயா?"

"எடுத்தது எண்டு ஒண்டு வேணும். நீ விற்றதை மட்டும்தானே கழிக்கிறாய்? நாங்கள் எடுத்தது கழிபடாமல் நிக்குது. அதுதான் உதுகள் திரும்பி வருகுதுகள். அடிமட்டத்தை எடு."

யசிந்தா அடிமட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "தாள் முதலாளியின்ரை. அவர் சொல்லாமல் கோடு விழாது."

"முதலாளி இப்ப எங்கை?"

"அது உங்களுக்கெல்லோ தெரியவேணும். அனுப்பினது நீங்கள்."

"எடியே, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரன்" என்றான் சிமியோன் ஆணிப்பெட்டியிலிருந்து.

படியிலிருந்து ஆழ்வாப்பிள்ளை கேட்டார்: "ஐயா, இப்பவே திரும்ப ஏத்தவோ, இல்லாட்டித் தேத்தண்ணி குடிச்சிட்டு ஏத்தவோ?"

கோட்டைச் சிவசுப்பிரமணியம் தானே கீறியிருக்கலாம். ஆனால் இன்னொருவருடைய படிவத்தில் ஒப்பமில்லாமல் அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை. அந்தப் பழக்கம் விரலிலேயே ஊறிவிட்டது. முதலாளிக்கு எழுதிக் கேள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் மேலிடம் நெருக்கியதால் துவக்கோடு இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். யசிந்தா தாளுக்கு முன்னால் முக்காலியை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"சுடுறதெண்டால் சுடுங்கோ தம்பியவை. தாளிலை என்ரை பேர் இல்லை. நான் திரும்பி வரமாட்டன். சாமான் வரும்" என்றாள்.

அவர்கள் சாமானை மட்டும் ஏற்றினார்கள். அது வந்தது.

அனுமதி கேட்டு அவள், முத்தலிப் குடும்பம் போய்ச் சேர்ந்திருந்த புத்தளத்து அகதி முகாமுக்கு எழுதிய கடிதத்துக்கு ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது, செஞ்சிலுவைக் கப்பலில், ஓரம் நனைந்து. நிரல் கீறவேண்டாம், பூட்டுகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் பிசுக்குப் பிடிக்கும், தையல் மெசின் எண்ணெய் விடவும் என்று முத்தலிப் எழுதியிருந்தார். சிவசுப்பிரமணியம் அதை இரண்டு தரம் வாசித்து, திகதியிட்டுக் கோவையில் போட்டார். பிறகு நான்கு வருடம் இப்படியே போனது. ஏற்றுவார்கள், வரும். பதுங்குகுழி வெட்டப் போன மண்வெட்டிகள் சுன்னாகத்துச் சிவப்பு மண் அப்பிக்கொண்டு வந்தன. யசிந்தா கழுவி வைத்தாள். வட்டுக்கோட்டையில் ஒரு கிணற்றில் பூட்டிய கப்பி, கயிறும் தண்ணீர் நிரம்பிய வாளியுமாக வந்தது. வாளி எங்கள் இருப்பில் இல்லை என்று சொல்லி, கயிற்றைச் சுருட்டி வாளிக்குள் வைத்து, தண்ணீர் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஆழ்வாப்பிள்ளையிடம் கொடுத்தாள். விலைக்குக் கேட்டு வந்தவர்களுக்கு, விற்க முதலாளி வேண்டும் என்றாள். வீட்டில் இடியப்பம் அவித்துக் கொடுத்துச் சீவித்தாள். சனிக்கிழமைகளில் வந்து எண்ணினாள். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையால் டீசல் இல்லாமல் போய், மண்ணெண்ணெயில் ஓடிய லொறியும் இருமத் தொடங்கியபின், போகாத சாமானை ஏற்றுவது வீண்செலவு என்று சிவசுப்பிரமணியமே மேலே எழுதினார். அத்தோடு ஏற்றுவது நின்றது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஒக்ரோபர் முடிவில், இராணுவம் நகரத்தை நெருங்க, ஒலிபெருக்கி திரும்பவும் வந்தது. இந்தமுறை எல்லோரும் வெளியேறவேண்டும் என்றது. மறுநாள் காலை முழு நகரமும் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருக்க, யசிந்தா கடைக்கு வந்து கடைசித் தரம் எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அடிமட்டத்தை எடுத்துக் கடைசி வரிக்குக் கீழே புதிதாய் ஒரு வரி கீறினாள். பொருள்: முத்தலிப் குடும்பம். அலகு: ஆள். தொடக்க இருப்பு: 8. வந்தது: இல்லை. விற்றது: இல்லை. மீதியை அவள் தொடவில்லை. சிறிது நேரத்தில் அந்தக் கட்டத்தில் 8 என்று பென்சில் எழுத்து எழும்பியது.

சைக்கிளில் இரண்டு உரப்பையும் ஒரு பாயும் கட்டிக்கொண்டு வந்த சிவசுப்பிரமணியம் அதை வாசலில் நின்று பார்த்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"எங்களுக்கும் ஒரு வரி போடன், பிள்ளை. அஞ்சு பேர்."

யசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "முதலாளியைக் கேக்கவேணும், ஐயா."

அவர் முகத்தைக் கையால் வழித்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "கேள்" என்றார். "என்ன நடந்ததெண்டு எல்லாத்தையும் எழுதிக் கேள். நான் ஆரெண்டும் எழுது."

"அப்ப நாங்கள்?" என்றான் அவளோடு வந்திருந்த சிமியோன்.

"எங்களுக்கும் கேட்டுத்தான்."

"என்னை விடுங்கோ, லொறியை எழுதுங்கோ" என்றார் வெளியே லொறியில் தபால் பைகளை ஏற்றிக்கொண்டு நின்ற ஆழ்வாப்பிள்ளை. "நான் எங்கையெண்டாலும் வந்து சேருவன். அதுதான் வராது."

யசிந்தா முக்காலியில் இருந்து எழுதினாள். முதலில் இருப்பு, வரி வரியாக, கடைசியில் எட்டுப் பேர். அதன் கீழே, இரண்டு வரிகளுக்கு அனுமதி கேட்டாள். ஒன்று தனக்கும் சிமியோனுக்கும். மற்றது, உங்கள் திறப்பை வாங்கி வைத்திருந்த சிவசுப்பிரமணியத்துக்கும் அவர் குடும்பத்துக்கும். அவர் நிரல் கீறவில்லை, ஆனால் ஏற்றினார், முடிவு உங்களுடையது. தாளைச் சுவரிலேயே விட்டாள். தட்டிலிருந்து ஒரு பூட்டை எடுத்துக் கதவுக்குப் போட்டால் விடியுமுன் அது தட்டுக்குத் திரும்பிவிடும் என்பதால், கதவைக் கயிற்றால் கட்டினாள். பிறகு லொறிக்குப் பக்கத்தில் நின்று கடித உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, மழை படாமல் சேலைத் தலைப்புக்குள் வைத்து அழுத்திப் பிடித்து, ஒட்டிவிட்டது என்று கண்டபின் புத்தளத்துப் பைக்குள் போட்டாள். ஆழ்வாப்பிள்ளை வண்டியை எடுத்தார்.