அடுத்த மாடல்

மகள் கேமராவின் ஃபோகஸ் வளையத்தைத் திருகிக்கொண்டிருக்கும்போதே படுக்கையிலிருந்து அப்பா கையை நீட்டிவிட்டார்.

“அதக் குடு.”

“இருங்கப்பா, இந்த ஒண்ண எடுத்துடறேன். கொஞ்சந்தான் பாக்கி, ரோல் முடிஞ்சுடும்.”

“குடுன்னா குடு.”

சில நாளாக வாயே திறக்காத மனிதர். அந்த அதிகாரத்தைக் கேட்ட சந்தோஷத்திலேயே கொடுத்துவிட்டாள்.

நோயாளியைப் பார்க்க வந்த சாக்கில் அலமாரிவரை பார்த்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த எதிர்வீட்டுத் தையல்காரி ஆரம்பித்தாள். “ஃபோன்ல ஒரு தட்டு தட்டினா ஆச்சு. இத எப்ப முடிச்சு, எப்பக் கழுவி, எப்பப் பாக்கறது?”

“ஃபோன நீட்டினா மூஞ்சியத் திருப்பிக்கறாரேக்கா.”

தெருவுக்கே தெரிந்த சங்கதிதான். கேமரா கம்பெனியில் சேர்ந்து அங்கேயே நரைத்தவர். ஆனால் சொல்லிக்கொள்ள அவருக்கென்று ஒரு நல்ல படம் கிடையாது. படம் பிடிக்க வந்தவன் வைத்திருந்தது வேறு கம்பெனிச் சரக்கு என்பதால் கல்யாணப் படத்தில்கூட முறைத்துக்கொண்டுதான் நிற்பார். நோய் தெரிந்த பிறகு மகள் கெஞ்சிக் கூத்தாடி, அவர் செய்த கேமராவிலேயே ரோல் போட்டு எடுக்கத் தொடங்கினாள். கன்னத்தில் சதை இருந்தபோது எடுத்தது. முகமெல்லாம் சோப்பு நுரையோடு எடுத்தது. அவளுடைய மழைத்தொப்பியை மாட்டிக்கொண்டு பல் தெரியச் சிரித்தபோது எடுத்தது. எல்லாம் அந்த ரோலுக்குள்தான் இருந்தன. முடியாத ரோலைக் கழற்றக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. இப்போது தலையணையில் கிடப்பது வேறு யாருடைய முகமோ.

அந்த வீட்டில் காலண்டர் மாட்டியிருந்ததோடு சரி, காலக்கணக்கெல்லாம் மாடலில்தான். முதல் மாடல் வந்த சூட்டோடு கல்யாணம். வெளிச்சம் அளக்கும் மீட்டர் வைத்த மாடலுக்கு மகள் பிறந்தாள். மேல்மூடியைப் பிளாஸ்டிக் ஆக்கிய மாடலில் அவருக்கும் மேனேஜருக்கும் பேச்சு நின்றது. பேட்டரி இல்லாமல் ஓடாத மாடல் வந்தபோது மனைவி போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு மாடல் ஏதும் இல்லை. கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள்.

கேமராவை வாங்கியவர் ஒரு புறக் குமிழை மேலே இழுத்தார். பின்கதவு டப்பென்று திறந்துகொண்டது.

“ஐயோ, அப்பா!”

மகள் பாய்ந்துபோய் ஜன்னல் திரையை இழுத்தாள். வெளிச்சம் பட்டால் ரோலில் இருக்கிற படமெல்லாம் போச்சு. கம்பெனியில் அவருடையது கடைசி மேசை. வருகிற கேமராவின் பின்கதவைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஷட்டரைத் தட்டிப் பார்த்து அனுப்புவது வேலை. அந்த மேசைக்கு ரோல் போட்ட கேமரா வந்ததே இல்லை.

“யாருடா வெளிச்சத்த மறைக்கறது? லைன் நிக்குது பாரு.”

“புடுங்கிடும்மா!” தையல்காரி எழுந்தேவிட்டாள். “உள்சுத்துல இருக்கற நாலு படமாவது பொழைச்சுக்கும். புடுங்கு!”

மகள் திரையைப் பிடித்தபடியே நின்றாள். அவர் கேமராவைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, இருட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேடினார்.

“ஒண்ணுந் தெரியலியே.”

அவள் திரையை முழுக்கத் திறந்துவிட்டாள்.

வெயில் கட்டில்வரை வந்து விழுந்தது. உள்ளே குறுக்கே கிடந்த ஃபிலிமை, யாரோ மறந்து விட்ட பேக்கிங் காகிதம் போல அவர் உருவி எறிந்தார். போர்வைமேல் அது சுருண்டுகொண்டது. ஷட்டரைத் தட்டினார். சளக். கண்ணை இடுக்கிப் பார்த்தார். மறுபடி சளக்.

“முதல் மாடல் முதல் மாடல்தான். என்னா கனம்! பாஸ்.”

இடப்பக்கம் வைத்துவிட்டு வலக்கையை நீட்டினார். மகளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அதே கேமராவை எடுத்து, கதவைச் சாத்தி, அந்தக் கையில் வைத்தாள்.

“மீட்டர் வெச்சுட்டாங்களா?”

“வெச்சுட்டாங்கப்பா.”

“பாஸ்.”

மறுபடியும் கை.

“மேல பிளாஸ்டிக்கா? எந்தப் புத்திசாலி பாத்த வேல இது?”

“மேனேஜர்தான்பா.”

“அவன் மூஞ்சிக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு.”

தையல்காரி பக்கென்று சிரித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்காவது முறையும் மகள் கேமராவைக் கையில் வைத்தாள். “பேட்டரி மாடலா” என்றவர் அதை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் ஷட்டரை ஏற்றும் லீவரைத் தள்ள முடியவில்லை. அவள் தன் விரலை அதன்மேல் வைத்துச் சேர்த்துத் தள்ளினாள். சளக். ‘பாஸ்’ என்று உதடு மட்டும் அசைந்தது.

கை திரும்பவும் நீண்டது.

“அடுத்தது?”

தையல்காரி மகளைப் பார்த்தாள். மகள் கேமராவைப் பார்த்தாள்.

“வருதுப்பா. புது மாடல். தானாவே ஃபோகஸ் ஆகுமாம்.”

“நம்மாளுங்களா பண்றாங்க?”

“நம்மாளுங்கதான்பா.”

அவர் உள்ளங்கையை நன்றாக விரித்துக் காட்டினார். அவள் பின்கதவைச் சாத்தினாள், லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், மெல்லக் கொண்டுபோய் வைத்தாள். விரல்கள் மடங்கவில்லை.

“என்னம்மா, மறுபடியும் தூங்கிட்டாரா?” என்றாள் தையல்காரி.

கனத்தில் அந்தக் கை கீழே போய்விடாதபடி, மகள் தன் இரண்டு கைகளாலும் அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.